பன்னிரண்டாம் பக்கம்

"கொஞ்சம் பிலத்துச் சொல்லுங்கோ ஐயா, எனக்குக் காது மந்தம்," என்றாள் உதயகலா.

பரமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் வெளி மாவட்டங்களில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இணுவிலில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் அது கடைசியில் அவருடைய விறாந்தைக்குத்தான் வரும். இன்று வந்திருந்தது கடிதமல்ல. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு, பதினெட்டுப் பக்கம்.

"உம்மடை மனுசன்ரை வழக்கோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. பீற்றூட் லொறி ஓடினவர். சந்தையிலை ஒரு சண்டை. குத்துப்பட்ட ஆள் செத்துப்போச்சு. பத்து வருசம் மறியல் எண்டு சொல்லிப்போட்டினம். ஆறரை வருசம் உள்ளுக்கையே போட்டுது."

"லோயர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"போனிலை கதைச்சவர். பாதி இங்கிலீசு, பாதி சிங்களம். எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை."

"அப்ப கடைசிப் பக்கத்தைப் பாப்பம். அதிலைதான் முடிவு இருக்கும்."

"வேண்டாம் ஐயா. முதலிலை இருந்து சொல்லுங்கோ."

அவருக்கு விளங்கவில்லை. முடிவை அறியத் துடிக்காத ஒரு மனைவியை அவர் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.

கேற்றடியில் அவள் வந்த ஓட்டோ நின்றது. ஓட்டோக்காரர் தலையில் துவாயைப் போட்டபடி குனிந்திருந்தார்.

"அந்தாளை ஏன் வெயிலிலை வைச்சிருக்கிறீர்? உள்ளுக்கு வரச் சொல்லும்."

"அவர் இருப்பார் ஐயா. காத்திருந்து பழக்கம்."

பரமலிங்கம் வாசிக்கத் தொடங்கினார். "வழக்கை முதலிலை விசாரிச்ச கீழ்க்கோடு... அட, இது நான் வேலை செய்த கோடெல்லோ!"

"அப்பிடியோ ஐயா?"

"ஓம். எதிரி கத்தியாலை குத்தினதைக் கண்ட சாட்சி இருக்குது..."

"எதிரி எண்டால் ஆர்?"

"உம்மடை மனுசன்தான். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோட்டிலை அப்பிடித்தான் சொல்லுறது."

"அவர் ஒருத்தருக்கும் எதிரியில்லையே. சரி, சொல்லுங்கோ. அப்ப தோத்துப்போட்டமோ?"

"இல்லை, இது கீழ்க்கோடு சொன்னது." நாலு பக்கம் போனது. "இந்த மேன்முறையீட்டைத் தள்ளவேணும்..."

"தள்ளிப்போட்டினமோ?"

"அந்தரப்படாதையும் பிள்ளை. இது அரசாங்க லோயர் கேட்டது."

"வெண்டதோ தோத்ததோ எண்டு ஒரு வரியிலை எழுதினால் என்ன உவைக்கு?"

"அப்பிடி எழுதினால் ஆர் லோயரிட்டைப் போவினம்?" என்று சிரித்தபடி தாளைப் பிரட்டினார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. வரியை விரலால் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டார்.

"என்ன ஐயா?"

"ஒண்டுமில்லை. சட்ட விசயம்." மிச்சத் தாள்களைச் சேர்த்துப் பிரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "பிள்ளை, மனுசன் விடுதலை! குற்றமுமில்லை, தண்டனையுமில்லை. போய்க் கோயிலிலை தேங்காய் உடையும்!"

உதயகலா சிரிக்கவில்லை. அழவுமில்லை. பரமலிங்கம் குழம்பிப்போனார்.

"விளங்கேல்லையோ? விடுதலையெண்டு சொல்லுறன்!"

"ஏன் விட்டவையாம் ஐயா?"

"வாறார் எல்லோ? காரணம் உமக்கு என்னத்துக்கு?"

"பன்னிரண்டிலையிருந்து பதினெட்டுக்குப் பாய்ஞ்சிட்டியள். எனக்கு இலக்கம் தெரியும்."

குசினிக்குள் அவர் மனைவி பத்மாவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் விறாந்தை வரை கேட்டது.

கீழ்க்கோட்டில் அந்த வழக்கு நடந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கத்தில் போட்டிருந்த திகதியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. வெள்ளி என்றால் மூன்றரை மணி ரயில். அதை விட்டால் வீட்டுக்கு வரச் சனி மத்தியானம் ஆகும். கூண்டில் நின்ற ஒருவன் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனான். அவன் முகம் நினைவில்லை. சுவர் மணிக்கூடுதான் நினைவிலிருந்தது.

பரமலிங்கம் பன்னிரண்டாம் பக்கத்தைத் திரும்ப எடுத்தார்.

"எதிரி கூண்டிலை நிண்டு தமிழிலை ஒரு வாக்குமூலம் வாசிச்சவர். அந்தத் தாள் வழக்குக் கோவையிலை அப்பிடியே கிடந்திருக்குது. அதிலை நாலு வரி. கத்தியைக் கொண்டுவந்தது செத்த ஆள்தான், தன்னைக் குத்த வந்தவரிட்டைப் பறிக்கப்போன இடத்திலைதான் குத்துப்பட்டது எண்டு. அந்த நாலு வரியையும் மொழிபெயர்ப்பாளர் நீதிபதிக்குச் சொல்லாமல் விட்டிட்டார்."

"அதாலையோ பத்து வருசம்?"

"அதாலைதான்."

"ஆர் ஐயா அந்த மனுசன்?"

தீர்ப்பில் பெயர் இல்லை. 'மொழிபெயர்ப்பாளர்' என்று மட்டும்தான் இருந்தது. பேர் போடேல்லைப் பிள்ளை என்று சொன்னால் அது பொய்யுமல்ல. ஆனால் அந்த வருடம் அந்த நீதிமன்றத்தில் தமிழுக்கு இருந்தது ஒரேயொரு ஆள்.

"நான்," என்றார்.

"கேக்கேல்லை ஐயா."

"நான்தான் பிள்ளை! ரெயினுக்கு நேரம் போச்சுதெண்டு நான்தான் விட்டனான்!"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

உதயகலா எழுந்தாள். அவர் மடியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் வைத்தாள்.

"என்ரை காதிலை ஒரு குறையுமில்லை ஐயா. இதை முதலே மூண்டு பேர் வாசிச்சுச் சொல்லிப்போட்டினம். என்ரை மனுசன் வீட்டை வந்தும் பத்து நாள். உங்களைக் கந்தசாமி கோயிலடியிலை கண்டிட்டு வந்து, அண்டைக்குக் கோட்டிலை மொழிபெயர்த்த ஆள் இவர்தான் எண்டு சொன்னவர்." பிறகு கேற்றைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இஞ்சேருங்கோ, கேட்டதோ?"

ஓட்டோக்காரர் என்று பரமலிங்கம் நினைத்திருந்தவர் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"கேட்டது," என்றார். "இந்தமுறை ஐயா ஒரு வரியும் விடேல்லை."