தலைமேல் இருந்த குறிப்பு

சினிமா டிக்கெட் இணையதளத்தைத் தினமும் சோதிக்கும் புரோகிராமில், "மூன்று விநாடி பொறு" என்றொரு கட்டளை இருந்தது. அதன் தலைமேல், புரோகிராமைப் படிக்கும் ஆட்களுக்காக எழுதிய ஒரு குறிப்பு: "பக்கம் மெதுவாகத்தான் திறக்கும். பொறுக்காவிட்டால் நல்ல பக்கத்தையும் ஃபெயில் என்று சொல்லிவிடுவோம்."

கட்டளை ஐந்து வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தது. "நான் மாடா உழைக்கிறேன். நீ மேல படுத்துக் கிடக்கிற. கம்ப்யூட்டர் உன்னைப் படிக்கிறதுகூட இல்லை."

"உன்னை ஏன் வச்சாங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா, யாருப்பா சொல்றது?" என்றது குறிப்பு.

புதிதாக வேலைக்கு வந்த ரெஜினா, ஓடாத வரிகளையெல்லாம் துடைத்தாள். குறிப்பும் போனது. கட்டளைக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் அவள் கட்டளையிடமே வந்துவிட்டாள். "இது எதுக்கு இங்க சும்மா நிக்குது?"

கட்டளை பதறி மேலே பார்த்தது. பதில் சொல்ல யாருமில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது, பொறுத்துப் பார்த்தது.

இரண்டாவது விநாடியிலேயே ரெஜினா அதை அழித்துவிட்டாள்.