பூட்டிய அலமாரியில் நீல அங்கிகள்

தனி அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நர்ஸ் கை பிசைந்து நிற்கிறாள். அந்தப் பக்கம், தொற்றுநோயில் கிடக்கும் லாரி டிரைவர் மூக்கிலிருந்து நழுவிய ஆக்சிஜன் குழாயைத் தடவித் தேடுகிறார். கையில் தலையணைதான் அகப்படுகிறது. அங்கி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஒருமுறை உடுத்தி எறியும் அங்கிகள் காலையிலேயே தீர்ந்துவிட்டன. துவைத்து உடுத்தும் துணி அங்கிகளை எல்லா ஆஸ்பத்திரியும் இருப்பில் வைக்க வேண்டும் என்று புது உத்தரவு. அவை இதோ, பூட்டிய அலமாரியில் மடிப்புக் கலையாமல் நீலமாக அடுக்கியிருக்கின்றன. சாவி ஸ்டோர்காரர் விரலில் தொங்குகிறது.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே."

"நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்கம்மா. ஒண்ணு குறைஞ்சாலும் என் தலைதான் உருளும்."

"அவருக்கு மூச்சு முட்டுதுண்ணே!"

ஸ்டோர்காரர் சாவியைப் பூட்டில் நுழைக்கிறார், திருப்பத் துணியவில்லை. "மேலே ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று போனைக் காதில் வைக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

டிரைவரின் கை தேடுவதை நிறுத்துகிறது. நர்ஸ் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு கதவைத் தள்ளுகிறாள். குழாயை மூக்கில் பொருத்துகிறாள். அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டு, அவள் உடுப்பெல்லாம் தெறிக்க இருமுகிறார். கதவு தானாக மூடிக்கொள்கிறது. இப்படியே இனி அவள் வார்டுக்குள் திரும்ப முடியாது. கண்ணாடிக்கு அப்பால் ஸ்டோர்காரர் ஓர் அங்கியை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்.