சனிக்கிழமை ஈரத் தலை

"ஒருத்தர் சனிக்கிழமையானா ஆபீஸ் வேலைன்னு கிளம்பிடறார். திரும்பி வரும்போது தலை ஈரமா இருக்கு, கண் சிவந்திருக்கு, பையில மருந்து வாசனை வருது. எங்க போயிருப்பார்? ஆதாரத்தோட சொல்லணும்" என்றார் ஆசிரியை.

"சின்ன வீடு டீச்சர்!" என்றான் முதல் பெஞ்சுக்காரன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"ஆதாரம்?"

அவன் மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள். "அது குளோரின் வாசனை டீச்சர். அவர் ரகசியமா நீச்சல் கத்துக்கிறார்."

"அதுல என்ன ரகசியம்?"

"சின்னப் பசங்க நடுவுல மிதவையைக் கட்டிப்பிடிச்சு அலறுறதைப் பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியுமா?"

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "நூத்துக்கு நூறு! எப்படி யூகிச்சே?"

மாணவி அருகில் வந்து கிசுகிசுத்தாள். "யூகிக்கல டீச்சர். நானும் அங்கதான் கத்துக்கிறேன். நான் சொன்னேன்னு மட்டும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."