யேசுராஜின் ஏழு

“அண்ணி, மறுபடியும் எட்டு வந்துடுச்சு!”

டிரம்ஸ் குச்சிகளை மடியில் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார் தெட்சிணாமூர்த்தி. கீபோர்டிலிருந்து கையை எடுத்த ஆன்லின், சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சலோமி தன் தோளில் தொங்கிய பேஸ் கிட்டாரை முறைத்தாள்.

“நான் ஏழுதான் தம்பி எண்ணினேன்.”

“வாய் ஏழு எண்ணுது, விரல் எட்டு வாசிக்குது. எங்க, வாயால சொல்லுங்க பார்ப்போம்.”

“தகதிமி தகிட. தகதிமி தகிட.”

“ஆங்! இப்ப உங்க விரல் என்ன பண்ணுது? தகதிமி தகதிமின்னு கடைசியில ஒரு அடியைச் சேர்த்துக்குது. அந்த அடிக்கு இங்க வேலையே இல்ல. ஏழு முடிஞ்ச உடனே அடுத்த ஒண்ணுக்கு வந்துடணும்.”

“எல்லாப் பாட்டும் நாலு நாலாத்தானே போகுது? இதுல மட்டும் காலை ஊனுறதுக்குள்ள படி முடிஞ்சு போன மாதிரி இருக்கு.”

“அதுதான் ஆன்ட்டி இதோட ஸ்பெஷலே” என்றாள் ஆன்லின், திரும்பாமலே.

பாரதியார் சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் நடந்துகொண்டிருந்தது ஒத்திகை. அந்த மெட்டு, அவர்களுடைய மெல்லிசைக் குழுவின் தொடக்க இசை. எந்த ஊர்த் திருவிழா மேடையானாலும் அதை வாசித்துவிட்டுத்தான் முதல் பாட்டு. “இது எங்க யேசுராஜ் அண்ணனோட ஏழு!” என்று தெட்சிணாமூர்த்தி மைக்கில் அறிவிப்பார். யேசுராஜ் பேஸ் கிட்டாரோடு ஓர் எட்டு முன்னால் வந்து நிற்பார். காரைக்கால்மேட்டில் விசில் காதைப் பிளக்கும்.

நாளை மாலை, சலோமியின் கணவர் யேசுராஜின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. அது முடிந்ததும் கோயில் மைதானத்தில் குழு வாசிக்கப்போகிறது. அவர் நின்ற இடத்தில், அவருடைய கிட்டாரோடு, தான் நிற்க வேண்டும் என்பது சலோமியின் ஆசை. புளி கரைத்தால் எரியும் அளவுக்கு விரல் நுனிகள் தேய்ந்துபோனது அதற்காகத்தான்.

“இன்னைக்கும் வரலைன்னா நாகப்பட்டினத்துலேருந்து கலைவாணனை வாசிக்க வரச்சொல்லிடுறேன் அண்ணி. நீங்க முன்வரிசையில உட்கார்ந்து கேளுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“இன்னும் ஒரே ஒரு தடவை, தம்பி.”

சலோமி கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணுவதை விட்டுவிட்டு அவரை நினைத்துக்கொண்டாள். எதற்கும் பொறுமை கிடையாது அந்த மனிதருக்கு. அவள் ஸ்கூட்டரில் ஏறி ஒழுங்காக உட்காருவதற்குள் கிளப்பிவிடுவார். ஒருமுறை அவளைப் பேருந்து நிலைய வாசலிலேயே விட்டுவிட்டு, பின்னால் இருக்கிறாள் என்ற நினைப்பில் பேசிக்கொண்டே பட்டினச்சேரி வரைக்கும் போய்விட்டார். போன வருடமும் அதே அவசரம்தான். நெஞ்சு வலிக்கிறது என்றார். அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

தகதிமி தகிட. உட்காருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தகதிமி தகிட. இதோ, மறுபடியும் கிளம்பிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது டிரம்ஸும் கீபோர்டும் அவளோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன.

“ஆன்ட்டி, வந்துடுச்சு! அப்படியே அங்கிள் வாசிச்ச மாதிரியே இருக்கு!”

சலோமி வாசிப்பதை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வச்ச சாவியைத் தேடி எடுக்கத் தெரியாத மனுஷன். அவருக்குள்ள இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கு பாருங்க. ‘உங்க பாட்டு நொண்டுதுங்க’ன்னு நான் எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பேன்! நாளைக்கு மைக்ல நானே சொல்லப்போறேன் தம்பி, என் புருஷன் ஒரு மேதைன்னு.”

தெட்சிணாமூர்த்தி குனிந்து, இறுகியே இருந்த ஒரு திருகாணியை மேலும் இறுக்கினார்.

“அண்ணா, சொல்லிடுங்கண்ணா” என்றாள் ஆன்லின் மெல்ல. “மைக்ல வேற பேசப்போறாங்களாம்.”

“என்னத்தைச் சொல்லணும்?” என்றாள் சலோமி.

தெட்சிணாமூர்த்தி தலையைச் சொறிந்தார். “அண்ணி... அந்த மெட்டு நான் போட்டது. எட்டுலதான் போட்டேன். அண்ணன் எட்டாவது அடி வரைக்கும் நிக்க மாட்டாரு. ஏழுலேயே தாவி அடுத்த சுத்துக்குப் போயிடுவாரு. சொன்னா, ‘நீங்கதான்டா இழுக்குறீங்க’ன்னு சண்டைக்கு வருவாரு. அவரைத் திருத்த முடியல, பாட்டையே ஏழுக்கு வெட்டிட்டோம். அப்புறம் எவனோ ஒருத்தன் மேடைக்கே வந்து, ‘ஏழுல பிரமாதமாப் போட்டிருக்கீங்களே’ன்னு அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டான். அன்னைக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே! அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?”

சலோமி கிட்டாரைத் தட்டிக் காட்டினாள்.

“அப்போ இத்தனை நாளா நான் எட்டு வாசிச்சு, நீங்க திட்டினீங்களே, அது?”

“அதுதான் அண்ணி சரி.”

ஆன்லின் பயந்துபோய்ப் பார்த்தாள். சலோமி சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அந்தச் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.

“சரி, ஒரே ஒரு தடவை எட்டுல வாசிப்போம். அவர் இல்லாதப்பவாவது உங்க பாட்டை முழுசாக் கேட்போமே, தம்பி.”

தெட்சிணாமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. குச்சிகளைத் தட்டி, எண்ணி, ஆரம்பித்தார். சலோமியின் விரல்கள் எட்டை மறந்திருக்கவில்லை. தகதிமி தகதிமி என்று தாமாகவே நடந்தன.

ஆனால் ஏழு முடிந்ததுமே, பல வருடப் பழக்கத்தில், டிரம்ஸும் கீபோர்டும் தாவி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டன. எட்டாவது அடியில் சலோமி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.