வேற்றுமுகம்

நாச்சிமுத்து அன்று விடிந்ததும் மீசையை எடுத்துவிட்டான்.

சவரம் செய்த பொம்மையன் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் கத்தியை வைத்தான். அகரம் ஊரில் ஆம்பளை மீசையை எடுத்தால் வீட்டில் எழவு என்று அர்த்தம்.

"எழவெல்லாம் இல்லப்பா. எம் மகளக் கூட்டியாரப் போறேன். வேத்துமொகம்னு மெரண்டுறக் கூடாதுல்ல?"

பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை அவன் மீசையைக் கண்டாலே வீடு இடிந்து விழுகிற மாதிரி அலறும். தினம் பார்க்கிற முகத்துக்கே அந்தக் கதி. பெற்றவன் முகத்தையே அறியாத ஒன்றேகால் வயதுப் பிள்ளை என்ன பாடு படுத்தப்போகிறதோ!

பொன்னழகு பிரசவத்திலேயே போய்விட்டாள். தாயில்லாத பச்சை மண்ணை வைத்துக்கொண்டு ஒற்றை ஆம்பளை என்ன செய்வான்? வீட்டில் வேறு பொம்பளை இல்லை. ஐம்பத்தாறாம் வருஷம், மாசி வெயிலில், துணியில் சுற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கன்னியர் நடத்திய பிள்ளை மடத்தில் விட்டுவிட்டு வந்தான்.

அதன்பின் டவுனுக்கு வெங்காயம் போட வரும்போதெல்லாம் மடத்து வாசல்வரைக்கும் போவான். உள்ளே போகக் கால் வராது. பிள்ளையைப் பார்த்தால் பொன்னழகைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று திரும்பிவிடுவான்.

இப்போது தங்கை முத்துப்பேச்சி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். "புள்ளயக் கொண்டாந்துருண்ணே, நான் வளத்துக்கிடுறேன்" என்றாள். போகும்போது சொல்லியும் அனுப்பினாள். உடனே தூக்காதே. செத்த நேரம் பக்கத்தில் உட்கார். அழுதால் விட்டுவிடு, அழுது முடிக்கட்டும்.

மடத்துக் கூடம் முழுக்கத் தொட்டில்கள். சவேரியம்மாள் என்ற ஆயா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வந்தாள். இன்னொன்று காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் முகவாயால் சுவரோரத்தைக் காட்டினாள்.

பாயில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது. பொன்னழகின் நெற்றி. அதே அகலக் கண்.

நாச்சிமுத்து தங்கை சொன்னதெல்லாம் மறந்துபோய்க் கையை நீட்டினான்.

பிள்ளை சிரித்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாவியது. தூக்கியதும் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பொன்னழகைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவன், அத்தனை தொட்டில்களுக்கு நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நல்ல புள்ளய்யா. ஒரு தொந்தரவு கெடையாது" என்றாள் ஆயா. அவளுக்கு நின்று பேச நேரமில்லை.

தெருவெல்லாம் அவன் கால் தரையில் பாவவில்லை. என் ரத்தம், என்னை அடையாளம் தெரிந்துகொண்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மடத்து வாசலைத் தாண்டும்போது பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவன் ஊர்ப்பக்கம் போகும் தாடிக்கொம்பு பஸ் நின்றிருந்தது. நிழலில் பேகம்பூர் ஜெய்தூன் பீவி துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அகரம் பக்கமெல்லாம் மூட்டை தூக்கிச் சேலை விற்கிறவள். அவனை அவளுக்குப் பார்த்த பழக்கம்.

"யாரு புள்ள அப்பு? இம்புட்டு அழகா இருக்கு" என்று சும்மா கையை நீட்டினாள்.

பிள்ளை சிரித்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாவியது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நாச்சிமுத்துவும் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

கண்டக்டர் அந்தப் பக்கம் வந்தவன் விளையாட்டாகக் கைதட்டிக் கூப்பிட்டான். முரட்டு ஆள், காக்கிச் சட்டை, கடா மீசை. பிள்ளை அவனிடமும் போனது. அவன் காலரையும் பிடித்தது. அவன் ஜெய்தூன் பீவியிடம் திருப்பிக் கொடுத்தபோது, அதே மாதிரி அவளிடம் வந்தது.

"அடி ஆத்தே, வேத்துமொகமே பாக்கலியே இது!" என்று அவள் முத்தம் கொடுத்தாள்.

நாச்சிமுத்து அங்கிருந்து நகர்ந்தான். பிள்ளை பார்க்கும்படியாகவே மெதுவாக நடந்து, பஸ்ஸுக்குப் பின்பக்கம் போய் மறைந்து நின்றான்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சோடாக்காரன் கத்தினான். ஒரு மாட்டுவண்டி போனது. எஞ்சின் உறுமத் தொடங்கியது. அவன் எதிர்பார்த்த சத்தம் மட்டும் வரவில்லை.

எட்டிப் பார்த்தான். பிள்ளை அவனைத் தேடவில்லை. ஜெய்தூன் பீவியின் காதுவளையத்தை நெருடிக்கொண்டு சுகமாக இருந்தது.

கையை நீட்டியது யாராக இருந்தாலும் அது போகும். காலையில் தூக்கிய கை மத்தியானம் இருக்காது, மத்தியானக் கை அந்தியில் இருக்காது என்பதைத்தான் அந்தப் பிள்ளை இத்தனை நாளும் படித்திருந்தது. அவனைத் தெரிந்து அது வரவில்லை.

"ஏம்ப்பா, பஸ்ஸ எடுக்கப் போறாக. எங்க போயிட்ட?" என்று ஜெய்தூன் பீவி கூப்பிட்டாள்.

அவன் வந்தான். பிள்ளை அவனைப் பார்த்துக் கையைத் தூக்கியது.

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அதன் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"அப்பனத் தேடி ஒரே ஒரு தடவ அழுதுரு தாயி" என்றான்.

பிள்ளை அவன் கன்னத்து ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு அவனைத் தாண்டி, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளைப் பார்த்துக் கையை நீட்டியது.