இரண்டாவது போன்ஜூர்

"போன்ஜூர்" என்றார் மதாம், அன்றைக்கு இரண்டாவது தடவையாக.

"போன்ஜூர், மதாம்" என்றாள் அவளும். அப்போதுதான் வேலைக்கு வந்தவள் மாதிரி.

காலையிலேயே சொல்லியாயிற்று.

பாரிஸில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வணக்கம்தான். மறுபடி சொன்னால், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டாய் என்று அர்த்தம். முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். காரைக்காலிலிருந்து வந்த புதிதில் அவள் மரியாதை என்று நினைத்து, அறைக்குள் நுழையும்போதெல்லாம் போன்ஜூர் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டித்துத் திருத்தியவர் இதே மதாம்தான்.

ஒரு மாதமாக மதாமே மறக்கிறார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மதாமின் மகன் வருகிறார். அம்மாவுக்கு நினைவு தப்புகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். அப்படியென்றால் முதியோர் இல்லம்தான் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

அவளுக்கு வேலை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. ஜன்னலோர நாற்காலியிலிருந்து மதாமை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதை அவளால் பார்க்க முடியாது.

வாசலில் சாவி திரும்பும் சத்தம். மகன் உள்ளே வந்து அம்மாவின் கன்னங்களில் முத்தமிட்டு உட்கார்ந்தார்.

அவள் சமையல்கட்டில் நின்றாள். காப்பி கொண்டுபோக வேண்டும். பார்த்ததும் மதாம் இன்னொரு போன்ஜூர் சொல்வார். மகனுக்கு அது போதும்.

அவள் கோட்டை மாட்டினாள். கைப்பையை எடுத்தாள். பின்கதவு வழியாக இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, முன்படியில் ஏறினாள். மூச்சு வாங்கியது.

மணியை அடித்தாள்.

மகன் கதவைத் திறந்தார். "இப்போதுதான் வருகிறீர்களா?"

தலையாட்டினாள்.

கூடத்துக்குப் போனதும், மதாம் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டாள்.

"போன்ஜூர், மதாம்."

மதாம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையிலேயே சொன்னீர்களே. முட்டைகூட வேகவைத்துக் கொடுத்தீர்கள். மறந்துவிட்டதா?"

மகன் அம்மாவைப் பார்த்தார். பிறகு அவளையும், அவள் கோட்டையும் பார்த்தார். பல நாள் பாரம் இறங்கியவர் போல உரக்கச் சிரித்தார்.

"அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். பார்க்கப்போனால் உங்களைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்."

அவள் மானம் கப்பலேறியது. ஏறட்டும்.

"ஆமாம், மதாம்" என்றாள் சந்தோஷமாக. "சுத்தமாக மறந்துவிட்டேன்."