சீமெந்து இறுகுமுன்

"கரண்டியை வை, தேவராசா. முதலிலை வந்து சாப்பிடு."

தபால்மாஸ்டர் இராசநாயகம் மூன்றாந்தரமாக வந்து அதட்டினார். வேலை முடியுமுன் வெற்றிலை போடவும் விடாத மனிதர். இன்றைக்கு இவருக்கு என்ன பிடித்ததோ என்று மேசன் தேவராசாவுக்கு எரிச்சலாக வந்தது.

"சீமெந்து குழைச்சாச்சு ஐயா. இப்ப விட்டால் இறுகிப்போம்."

வீட்டின் முன்னறைதான் தபால் கந்தோர். கந்தோருக்கும் குசினிக்கும் நடுவே, கையை விரித்தால் இரண்டு சுவரும் முட்டுகிற ஒரு மூலை. அதற்குள் மேலிருந்து தண்ணீர் கொட்டுகிற சவர் பூட்டிக் குளிக்க ஐயாவுக்கு ஆசை.

பழைய கொங்கிறீற் நிலத்தைக் காலையிலிருந்து குந்தியிருந்தே கொத்தி, தண்ணீர் போகிற கானுக்கு வழி எடுத்திருந்தான் தேவராசா. இனிச் சுற்றிவரச் சரிவாகப் பூசவேண்டும். சரிவு ஒரு நூல் பிசகினாலும் தண்ணீர் கந்தோருக்குள் போய்விடும்.

ஐயாவின் முகம் உம்மென்றிருந்தது. அதைக் கொஞ்சம் தெளியவைக்கலாமென்று பகிடி விட்டான்.

"என்ரை மோனும் சிங்கப்பூரிலை சவருக்குக் கீழைதானாம் குளிக்கிறவன். எனக்கெண்டால் விளங்கேல்லை. எங்கடை சனம் வெள்ளி சனி இல்லாமல் மத்தியானத்திலை முழுகிறதெண்டால், எங்கையோ செத்த செய்தி வந்திருக்கவேணும்!"

ஐயா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன்ரை கடுதாசி ஏதும் வந்ததே ஐயா? ரண்டு மாசமாச்சு."

"கடுதாசி வரேல்லை."

தேவராசாவுக்கு நெஞ்சு சப்பென்றாகிவிட்டது. தாயில்லாமல் வளர்ந்த ஒற்றைப் பிள்ளை. அவன் எழுதினால் ஐயாதான் வாசித்துக் காட்டுவார். அந்த நாலு வரியைக் கேட்டால் அந்த மாதம் முழுவதும் தேவராசாவுக்குப் போதும்.

ஐயாவின் மனைவி குணலட்சுமி இலை போட்டுவிட்டு வந்து கூப்பிட்டாள். "வா தேவராசா. இனி எப்ப சாப்பிடுவியோ."

அதற்குமேல் மறுக்க முடியவில்லை. குழைத்ததை ஈரச்சாக்கால் மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அவள் கேட்காமலே மூன்றுதரம் சோறு போட்டாள். சம்பந்தி வீட்டிலும் இப்படி ஓர் உபசாரம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு, அவசர அவசரமாக அள்ளி விழுங்கினான்.

நல்லகாலம், சீமெந்து இறுகியிருக்கவில்லை. மூலைக்குள் முடங்கியிருந்து பூசி முடித்து, நூல் பிடித்துப் பார்த்தான். சரிவு திறமாக வந்திருந்தது. மோன் ஊருக்கு வந்தால் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

கையைக் கழுவக் கிணற்றடிக்கு வந்தவன் திடுக்கிட்டுப் போனான். இராசநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். கிணற்றுக் கயிற்றில் ஐயா கைவைத்து அவன் ஒருநாளும் கண்டதில்லை.

"ஐயோ ஐயா, இண்டைக்குத் தண்ணி விட்டுப் பாக்கக்கூடாது. பூசினதெல்லாம் கரைஞ்சுபோம்!"

நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கிட்ட வந்தார். வேட்டி மடிப்பில் ஒரு தந்தி செருகியிருந்தது.

"தண்ணி கானுக்கில்லை, தேவராசா. நீ முழுகவேணும்."